தலைப்பு வெட்டின படத்துல ஈட்டியோட நிக்கிறவர் எம்.ஜி.ஆர். தானா?

கீற்றுக்கொட்டகை:
யூடியூப்ல சுத்துற பழைய ராஜா ராணி படத் துண்டு. 1940கள் மாதிரி தெரியுது. டைட்டிலை வெட்டிட்டாங்க, படப் பேரும் போடலை. அரசவையில சிம்மாசனத்துக்கு வலப்பக்கம் இரண்டாவதா ஈட்டியோட நிக்கிற காவலாள் எம்.ஜி.ஆர். தான். மோவாய்ல பள்ளம் பளிச்சுனு தெரியுது, "உத்தரவு மன்னா"ன்னு ஒரு வரி பேசவும் பேசுறார். 1936ல சதிலீலாவதியில இன்ஸ்பெக்டர், 1947ல ராஜகுமாரியில கதாநாயகன். நடுவுல பதினோரு வருஷம் துண்டு துக்கடா வேஷம். அதுல இது ஒண்ணு.

பாட்டுப்புத்தகம்:
துண்டு துக்கடான்னு மொத்தமா தள்ளாதீங்க சார். 1941 அசோக்குமார்ல மகேந்திரன், 1945 மீராவுல ஜெயமல், 1946 ஸ்ரீமுருகன்ல சிவபெருமான். எல்லாமே பேர் உள்ள பாத்திரங்கள். 40களோட நடுவுல அவரை ஒரு வரி காவலாளா நிறுத்தினாங்கன்னா அதுக்கு மோவாயைத் தவிர வேற ஆதாரம் வேணும். அந்தப் பள்ளம் அவர் ஒருத்தருக்கு மட்டும் விழுறதில்லை. மேல இருந்து விளக்கு அடிச்சா லேசான குழியும் ஆழமாத் தெரியும்.

தரைடிக்கெட்:
அண்ணன் சக்ரபாணியும் அப்போ சினிமாவுலதான் இருந்தார். அவரையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

ரீல்பெட்டி:
முகத்தை ஒப்பிடுறதுக்கு முன்னாடி படத்தைச் சரி பண்ணுங்க. அந்தத் துண்டு 4:3 (அகலம்:உயரம்) அளவுல இருந்த பழைய படத்தை இப்போதைய அகலத்திரை அளவான 16:9க்கு இழுத்து ஏத்தினது. அகலம் மூணுல ஒரு பங்கு கூடிடும், ஒல்லி முகமும் உருண்டையாத் தெரியும். வி.எல்.சி. வீடியோ பிளேயர்ல கீபோர்டு 'ஏ' (A) பொத்தானைத் தட்டித் தட்டி 4:3 வந்ததும் நிறுத்துங்க. அப்புறம் 'ஈ' (E) அழுத்தினா ஒவ்வொரு ஃப்ரேமா நகரும். நேர்முகம், முக்கால் முகம், பக்கவாட்டு முகம்னு மூணையும் எடுத்து வையுங்க. ஒரே ஃப்ரேமை வச்சு முடிவு பண்ணவே கூடாது. தேய்ஞ்ச பிரிண்டுல ஒரு கீறல் மூக்கு மேல விழுந்தாலே ஆளே மாறிடுவார். வழக்கமா காதுதான் நல்ல அடையாளம். ராஜா ராணி படத்துல அதுவும் உதவாது: காதோட மேல்பாதியைத் தலைப்பாகை மூடும், மடலைக் குண்டலம் மறைக்கும்.

கீற்றுக்கொட்டகை:
சரி, காது போகட்டும். குரல் இருக்கே? எங்க வீட்டுப் பிள்ளை, அடிமைப்பெண் ரெண்டுலயும் இருக்கிற குரலோட வச்சுப் பாருங்க.

பாட்டுப்புத்தகம்:
அடிமைப்பெண் 1969. 1967 ஜனவரி 12ல எம்.ஆர். ராதா சுட்ட குண்டுக்கு அப்புறம் அவர் குரல் மாறிப்போச்சு. அதை வச்சு 40களைப் பார்த்தா தப்பான விடைதான் வரும். ஒப்பிடுறதுன்னா மீரா, ராஜகுமாரி, மந்திரி குமாரின்னு பக்கத்து வருஷங்களோட ஒப்பிடுங்க. குரல் சரியா இருந்தாலும் ஆள் அவர்தான்னு ஆகிடாது. 1951ல வந்த நிரபராதியில தெலுங்கு நடிகர் முக்காமலாவுக்குத் தமிழ்க் குரல் கொடுத்தது சிவாஜி. பராசக்திக்கு முந்தின வருஷம். காதை மட்டும் நம்பினா சிவாஜியோட முதல் படம் அதுதான்னு எழுதிடுவோம்.

ரீல்பெட்டி:
குரல்ல இன்னொரு சிக்கலும் இருக்கு. படம் ஓடுறது நொடிக்கு 24 ஃப்ரேம், பழைய வி.சி.டி.யும் டி.வி. பதிவும் 25. அதனால எல்லார் சுருதியும் 4 சதவீதம் ஏறும். வேகத்தை 0.96க்குக் குறைச்சுக் கேளுங்க. அப்படிக் குறைக்கும்போது சில மென்பொருள் சுருதியை மட்டும் பழையபடியே பிடிச்சு வைக்கும், அந்த வசதியை அணைச்சிடணும்.

கீற்றுக்கொட்டகை:
நீங்க ரெண்டு பேரும் சொல்றதைக் கேட்டா யாரையும் கண்டுபிடிக்கவே முடியாது. பாதாள பைரவியில ஒரே ஒரு பாட்டுக்கு ஆடிட்டுப் போற பொண்ணு சாவித்திரின்னு ரசிகன் கண்ணாலதான் பிடிச்சான். ஒரு பாட்டுக்கு ஆடுறவங்க, ஈட்டி பிடிக்கிறவங்க பேரையெல்லாம் அந்தக் காலத்துல படத்தோட வித்த பாட்டுப் புத்தகத்துல யார் போட்டாங்க? ஆவணம் ஆவணம்னு நின்னா பேர் போட்ட ஆளு மட்டும்தான் கிடைப்பார். பேர் போடாதவங்களைத்தானே தேடுறோம்?

பாட்டுப்புத்தகம்:
அது நியாயமான கேள்வி. ஆனா பிரபலமான முகத்தைத்தான் கண்ணு தேடும், அதுதான் ஆபத்து. 1952 தாய் உள்ளத்துல ஆர்.எஸ். மனோகர் கதாநாயகன், ஜெமினி கணேசன் வில்லன். பின்னாடி வந்த படங்களை மனசுல வச்சுப் பார்க்கிறவன் ரெண்டு பேரையும் இடம் மாத்திச் சொல்வான். 1947 நாம் இருவர்ல கிழவரா வர்ற வி.கே. ராமசாமிக்கு அப்போ 21 வயசு. வாலிப முகத்தைத் தேடினா அவர் சிக்கவே மாட்டார்.

பேரும் வழுக்கும். மந்திரி குமாரி வந்த 1950லகூட எம்.ஜி.ஆர். டைட்டில்ல 'ராம்சந்தர்'. 40கள்ல வெறும் 'ராமச்சந்திரன்'னு பார்த்தா அது 'சபாபதி' படத்துல நடிச்ச டி.ஆர். ராமச்சந்திரனாவும் இருக்கலாம். சதிலீலாவதி கதாநாயகன் எம்.கே. ராதாவை எம்.ஆர். ராதான்னு எழுதி வச்சிருக்கிற பக்கங்கள் எத்தனை!

தரைடிக்கெட்:
அப்போ வழிதான் என்ன?

பாட்டுப்புத்தகம்:
காவலாளை விடுங்க, ராஜாவைப் பிடிங்க. முதல்ல படத்தோட பேரு தெரியணும். சிம்மாசனத்துல இருக்கிறவரையும் ராணியையும் அடையாளம் கண்டா, ரெண்டு பேரும் சேர்ந்து நடிச்ச படங்களை சினிமா வரலாற்றுத் தகவல் சேகரிச்ச ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த பட்டியல்ல பார்த்துச் சுருக்கிடலாம். அதைவிடச் சுலபம், துண்டோட கடைசியில பாதிப் பாட்டு ஓடுதே, அதோட பல்லவி. சென்னை ரோஜா முத்தையா நூலகத்துல பழைய பாட்டுப் புத்தகங்கள் இருக்கு, முதல் அடியை வச்சுத் தேடலாம். படம் தெரிஞ்சா வருஷம் தெரியும். அந்த வருஷம் அவர் எந்தக் கம்பெனியில என்ன வேஷம் கட்டினார்னு பார்த்துட்டு முகத்துக்கு வாங்க.

ரீல்பெட்டி:
இப்பதான் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ராணிக்குச் சாமரம் வீசுற பொண்ணுங்க நாலு பேருக்கும் முந்தானை வழக்கமான இடது தோள்ல இல்லாம வலது தோள்ல கிடக்கு. ஒருத்திக்குன்னா கட்டு வித்தியாசம்னு விடலாம், நாலு பேருக்கும்னா துண்டையே கண்ணாடி மாதிரி புரட்டி ஏத்தியிருக்காங்க. காப்பிரைட்டுல மாட்டாம இருக்கப் பண்ற வேலை. நாம பேசிட்டிருக்கிற காவலாள் நிஜத்துல சிம்மாசனத்துக்கு இடப்பக்கம். மச்சம், புருவ ஏத்த இறக்கம் எல்லாமே எதிர்ப்பக்கம் போயிடும். புரட்டிட்டு ஒப்பிடுங்க.

கீற்றுக்கொட்டகை:
புரட்டிப் பார்த்தாச்சு சார். மோவாய்ப் பள்ளம் அதே இடத்துல அப்படியே இருக்கு!

பாட்டுப்புத்தகம்:
நடுவுல இருக்கிறது புரட்டினா எங்க சார் போகும்? பல்லவியைக் கேட்டு எழுதிப் போடுங்க. சொல் ஒண்ணு ரெண்டு புரியலைன்னாலும் பரவாயில்லை, முதல் நாலு சொல் இருந்தாப் போதும்.