வேர்டில் வர்க்கமூலம், பின்னம் அடிக்க வரவில்லை (அவசரம்)

விடைத்தாள்7 | மாலை 6:12
வணக்கம். நாளைக் காலை வினாத்தாள் கொடுக்க வேண்டும். வர்க்கமூலம், பின்னம், ≤ குறி (இதை வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டினேன்) எதுவும் அடிக்க முடியவில்லை. ஆல்ட்டையும் சமக்குறியையும் சேர்த்து அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. மற்றதெல்லாம் அடித்து முடித்தாயிற்று, கணக்குகள்தான் பாக்கி. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

பின்வரிசை | 6:15
எந்த வேர்டு, எந்த வருடப் பதிப்பு? விண்டோஸா, மேக்கா? மேக் என்றால் ஆல்ட் இல்லை, கன்ட்ரோலும் சமக்குறியும். இன்சர்ட் பட்டியலில் ஈக்வேஷன் என்று ஒரு பொத்தான் இருக்குமே, அதைத் தொட்டால் என்ன ஆகிறது?

தட்டச்சு தாத்தா | 6:19
பெட்டியெல்லாம் எதற்கு? ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு 251 அடியுங்கள், √ வரும். 241 அடித்தால் ±. 0215 அடித்தால் ×, 0247 அடித்தால் ÷. ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவையுங்கள், ஆயுசுக்கும் போதும்.

விடைத்தாள்7 | 6:23
251 அடித்தேன். வரவில்லை. விண்டோஸ்தான்.

பின்வரிசை | 6:24
லேப்டாப்பா? வலப்பக்கம் தனி எண்பலகை இருக்கிறதா? மேல் வரிசை எண்களை அடித்தால் அந்த வித்தை பலிக்காது. எண்பலகை இருந்தாலும் நம்லாக் (எண்பலகையை இயக்கும் விசை) விளக்கு எரிய வேண்டும்.

விடைத்தாள்7 | 6:26
லேப்டாப். எண்பலகை இல்லை.

தட்டச்சு தாத்தா | 6:27
எண்பலகை இல்லாத கீபோர்டும் ஒரு கீபோர்டா!

அரைப்புள்ளி | 6:33
எண்பலகை இல்லாமலும் வழி உண்டு. வேர்டில் 2264 என்று மேல் வரிசையிலேயே அடித்து, உடனே ஆல்ட்டும் எக்ஸும் அழுத்துங்கள், ≤ ஆகிவிடும். 2265 என்றால் ≥, 2260 என்றால் ≠. முன்னால் வேறு எண் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. 5-ஐ அடுத்து இடைவெளி விடாமல் அடித்தால் 52264 என்று படித்துவிட்டு எதையோ கொண்டுவந்து வைக்கும். வேர்டுக்கு வெளியே பல இடங்களில் இது நடக்காது. அங்கே விண்டோஸ் விசையும் முற்றுப்புள்ளியும் அழுத்தினால் எமோஜிப் பலகை வரும், அதிலேயே கணிதக் குறிகளும் இருக்கின்றன.

ஆனால் ஒன்று, குறி வேறு, சமன்பாடு வேறு. தாத்தா சொன்ன 251-இல் √ வரும், அதன் தலைக்கோடு நீளாது. √2+3 என்று அடித்தால் மூலம் இரண்டுக்கு மட்டுமா, ஐந்துக்கா? படிக்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அடைப்புக்குறி போட்டுச் சமாளிக்கலாம்தான். கோடு முழுதும் மூட வேண்டும், பின்னம் மேலும் கீழுமாக நிற்க வேண்டும் என்றால் அந்தப் பெட்டி திறந்தே ஆக வேண்டும்.

கணிதப்பித்தன் (மூத்த உறுப்பினர்) | 6:41
தம்பி, வேர்டில் கணக்கு அடிக்க உட்கார்ந்ததுதான் முதல் தவறு. இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் சொல்லியிருக்கிறேன்! தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. தன் புத்தகத்தின் புது அச்சுப்படி கண்ணுக்கு அழகாக இல்லை என்பதற்காகவே 1977-இல் கணினி அறிஞர் டொனால்ட் க்னூத், கணக்குகளை அழகாக அச்சுக்கோக்கும் டெக் மென்பொருளை எழுத உட்கார்ந்தார். அதன் மேல் கட்டியதுதான் லேட்டெக். அதைக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு இந்த மாதிரிக் கேள்வியே வராது.

பின்வரிசை | 6:44
நாளைக் காலை தாள் வேண்டும் என்கிறார், நீங்கள் 1977-க்குப் போகிறீர்கள். புதிய வேர்டில் சமன்பாட்டுப் பெட்டியே லேட்டெக் எழுத்துமுறையை ஏற்றுக்கொள்கிறது, தெரியுமோ?

விடைத்தாள்7 | 6:45
தம்பி இல்லை, தங்கை. பெட்டி இன்னும் வரவில்லை.

எக்ஸ்ஒய் | 6:49
தமிழ் விசை ஆனில் இருக்கும், பந்தயம். எனக்கும் அப்படித்தான் ஆனது. தமிழ்99 விசைப்பலகையை அணைக்காமல், பின்சாய்கோடு போட்டு எஸ் க்யூ ஆர் டி அடித்துக்கொண்டே இருந்தேன், வர்க்கமூலம் வருவதற்குப் பதில் என்னென்னவோ தமிழ் எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன.

அரைப்புள்ளி | 6:51
அது பெட்டி திறந்த பிறகு வரும் வம்பு. இவருக்குத் திறக்கவே இல்லையே.

எக்ஸ்ஒய் | 6:54
சரி, அவசரத்துக்குப் பெருக்கலுக்கு ஆங்கில எக்ஸையே அடித்துவிடலாம், யார் பார்க்கப்போகிறார்கள்?

கணிதப்பித்தன் | 6:58
இயற்கணிதத் தாளில் எக்ஸ் மாறியும் எக்ஸ், பெருக்கலும் எக்ஸ் என்றால் விளங்கிவிடும். கணித மேதை லைப்னிட்ஸ் 1698-லேயே இன்னொரு கணித அறிஞரான பெர்னூலிக்குக் கடிதம் எழுதினார், × குறி எக்ஸோடு குழம்புகிறது, பிடிக்கவில்லை என்று. அவர் புள்ளி வைத்தார்.

தட்டச்சு தாத்தா | 7:01
புள்ளி வைத்தால் 2.5 என்பது பத்தா, இரண்டரையா? லைப்னிட்ஸ் வந்து விடைத்தாள் திருத்துவாரா?

அரைப்புள்ளி | 7:03
பெருக்கல் புள்ளி நடு உயரத்தில் நிற்கும், தசமப் புள்ளி அடியில்.

கணிதப்பித்தன் | 7:05
÷ குறியைக்கூட ஐஎஸ்ஓ 80000-2 என்ற கணிதக் குறிகளுக்கான சர்வதேசத் தரநிலை வேண்டாம் என்கிறது. டென்மார்க், நார்வேயில் அதைக் கழித்தலுக்கே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

தட்டச்சு தாத்தா | 7:06
வகுத்தல் பொத்தானில் வேறு என்ன குறியை வைப்பார்களாம்? என் கால்குலேட்டரில் அதுதான் இருக்கிறது.

பின்வரிசை | 7:09
குறிச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாமா? விடைத்தாள்7, நான் முதலில் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஈக்வேஷன் பொத்தான் மங்கலாக, தொட முடியாதபடி இருக்கிறதா? மேலே ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? புதிதாக ஒரு வெற்று ஃபைலைத் திறந்து, அதில் ஆல்ட்டும் சமக்குறியும் அழுத்திப் பாருங்கள்.

விடைத்தாள்7 | 7:14
ஆமாம், மங்கலாகத்தான் இருக்கிறது. மேலே அப்படி எழுதியும் இருக்கிறது. புது ஃபைலில் பெட்டி வருகிறது!! பழைய வினாத்தாள் ஒன்றைத் திறந்து அதில்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதையும் சொல்ல வேண்டுமா?

பின்வரிசை | 7:18
அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் 🙂

கம்பாட்டிபிலிட்டி மோட் என்றால் உங்கள் ஃபைல் பழைய டாக் வகை. இப்போதுள்ள சமன்பாட்டு வசதி 2007 பதிப்பில் வந்தது, டாக்எக்ஸ் வகையோடுதான் வேலை செய்யும். முதலில் ஒரு நகல் எடுத்துவையுங்கள். பிறகு ஃபைல், இன்ஃபோ, கன்வெர்ட். 'சேவ் ஆஸ்' வழியாகப் போனால், பழைய பதிப்புகளோடு ஒத்துப்போகட்டும் என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். டிக் இருந்தால் பெயர் மட்டும் மாறும், பொத்தான் மங்கலாகவே இருக்கும்.

பெட்டிக்குள் சுட்டியே வேண்டாம். 1/2 அடித்து இடைவெளிப் பட்டை தட்டினால் பின்னம் நிமிர்ந்து நிற்கும். மேல் பகுதி நீளம் என்றால் (2+3)/7 என்று அடியுங்கள், அடைப்புக்குறி தானாகப் போய்விடும். அடுக்குக்கு ^, கீழெழுத்துக்கு அடிக்கோடு. எக்ஸ்ஒய் சொன்ன பின்சாய்கோடும் எஸ் க்யூ ஆர் டியும், அதை ஒட்டி (2+3), இடைவெளி: தலைக்கோடு முழுதும் மூடும். இங்கேதான் தமிழ் விசையை அணைக்க வேண்டும்.

அரைப்புள்ளி | 7:21
பழைய தாளில் முன்பே சமன்பாடுகள் இருந்தால் கவனம். அவை பெரும்பாலும் ஈக்வேஷன் எடிட்டர் 3.0 என்ற வேர்டின் பழைய சமன்பாட்டுக் கருவியில் செய்தவையாக இருக்கும். பாதுகாப்பு ஓட்டை காரணமாக அதை 2018 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். பார்க்கலாம், அச்சிடலாம், அந்தப் பழைய கருவியில் திருத்த முடியாது. புதிய பதிப்பாக இருந்தால், இருமுறை க்ளிக் செய்ததும் மாற்றித் தரவா என்று கேட்கும். இல்லையென்றால் புதிதாக அடிப்பதே வேகம்.

கணிதப்பித்தன் | 7:25
லேட்டெக்கில் இந்தக் கம்பாட்டிபிலிட்டித் தலைவலியே கிடையாது.

எக்ஸ்ஒய் | 7:26
அதில் வேறு தலைவலி. போன மாதம் ஒரு மூடும் அடைப்புக்குறியை விட்டுவிட்டு அரை நாள் தேடினேன்.

விடைத்தாள்7 | 8:02
கன்வெர்ட் செய்தேன், வந்துவிட்டது. தமிழ் விசையும் ஆனில்தான் இருந்தது. எல்லோருக்கும் நன்றி, பிரிண்ட் எடுக்க ஓடுகிறேன்.

அரைப்புள்ளி | 8:05
பழைய சமன்பாடுகள் என்ன ஆயின? மாற்றித் தரவா என்று கேட்டதா?

தட்டச்சு தாத்தா | 8:40
போய்விட்டார். கணிதப்பித்தன், அந்த நடு உயரப் புள்ளியை எண்பலகையில் எப்படி அடிப்பது? 250 அடித்தால் வருகிறது, ஆனால் கண்ணாடி போட்டாலும் தெரியவில்லை.