மறு: பேஃபிளுக்குத் ‘தடுப்புத்தகடு’ சரிப்படுமா?

வணக்கம் நண்பர்களே,

> பழைய கலைச்சொல் பட்டியல்களில் பேஃபிள் (baffle) என்றால் தடுப்பு, தடுப்புத்தகடு என்றுதானே இருக்கிறது, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

தண்ணீர் லாரிக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே நீர் தளும்பாமல் தடுப்பதுதான் அந்தத் தகட்டின் வேலை. ஆனால் வீட்டுக் கொட்டகையில் சிறு விமானம் கட்டுகிறவர்கள் எஞ்சினைச் சுற்றி வெட்டிப் பொருத்தும் அலுமினியத் தகட்டுக்கும் இதே பெயர் என்றால், எஞ்சின் குளிரக் காற்று வேண்டுமே, அதை ஏன் தடுக்கிறார்கள் என்று படிக்கிறவர் முதல் வரியிலேயே குழம்பிவிடுவார்.

லைகாமிங் ஓ-320 என்ற விமான எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கைவாட்டில் நான்கு சிலிண்டர். ப்ரொப்பெல்லர் கூம்புக்கு இருபுறமும் உள்ள வாய்கள் வழியாகக் காற்று நுழைந்து, வேகம் தணிந்து, எஞ்சினுக்கு மேலே அழுத்தத்தோடு தேங்குகிறது. கீழே வெளியேறும் பக்கத்தில் அழுத்தம் குறைவு. மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம், எத்தனை உயர நீரைத் தாங்கும் என்ற கணக்கில் சொன்னால், 6, 7 அங்குலம் இருந்தாலே பெரிய காரியம், அதாவது ஒரு சாண்கூடக் கிடையாது. அந்தச் சொற்ப அழுத்தத்தை வைத்துத்தான் சூட்டை வெளியேற்றும் சிலிண்டர் செதில்களின் இடுக்குகளுக்குள் காற்றை இறக்க வேண்டியிருக்கிறது, ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி ஒன்று இருந்துவிட்டால் காற்று சுலபமான அந்த வழியில் ஓடிவிடும், செதில் சூடேறிக் காயும்.

ஆக, இந்தத் தகடு செய்வது வயலில் வரப்பு செய்கிற வேலை. மேலே தேக்கி வைத்து, நாம் விடுகிற வழியில் மட்டும் இறங்க வைக்கிறது. அதனால் ‘வரப்புத்தகடு’ என்பது என் முன்மொழிவு. போன மடலில் வந்த ‘மடைத்தகடு’ எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் மடை என்பது திறப்பு. அடிப்பக்கம் காற்று வெளியேறும் இடத்தில் விமானி திறந்து மூடும் கதவு ஒன்று சில விமானங்களில் உண்டு, கௌல் ஃப்ளாப் என்பார்கள். அதற்கு ‘மடைக்கதவு’ அப்படியே பொருந்தும், அங்கே கொடுத்துவிடலாம். சிலிண்டரின் அடிவயிற்றை ஒட்டி வளைந்து, காற்று விலகிப் போகாமல் செதிலோடு சேர்த்துப் பிடிக்கும் தகடு வேறு. அதற்கு ‘அணைதகடு’ போதும்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் எஞ்சினை விமானத்தில் பூட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். காரில் அதற்கு ஒரு விசிறியும் காற்று உறையும் இருந்தன, கார் நின்றாலும் காற்று வீசும். விமானத்துக்கு வரும்போது பெரும்பாலும் அந்த விசிறியைக் கழற்றிவிடுகிறார்கள், அப்புறம் முழுப் பொறுப்பும் வரப்புத்தகட்டின் தலையில்தான்.

அடுத்தது கம்ப்ரஷன். இதில்தான் எனக்குப் பெரிய மனக்குறை, ஏனென்றால் இரண்டு வெவ்வேறு சங்கதிகளுக்கு ஒரே சொல்லைப் போட்டுக்கொண்டிருக்கிறோம். சிலிண்டருக்குள் பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதைச் சொல்லும் ‘அமுக்க விகிதம்’ பாடநூலில் ஊன்றிவிட்டது, அதைத் தொட வேண்டாம். அதே ஓ-320இல் 150 குதிரைத்திறன் வகைக்கு 7, 160க்கு 8.5. விகிதம் ஏறினால் அதே பெட்ரோலில் திறன் கூடும், கூடவே சிலிண்டர் தலை சூடாகும், எரிபொருள் தானாக வெடித்துத் தட்டும் அபாயமும் நெருங்கும். ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சினில் விகிதம் 10ஐத் தாண்டும், தலைப்பகுதிக்கு மட்டும் நீர்க்குளிர்ச்சி, சிலிண்டர் உடலுக்குக் காற்று. 1986இல் நிற்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் பின் எஞ்சினும் நீர்க்குளிர்ச்சிதான், அதில் விகிதம் 11.4. சூட்டை எடுத்துப் போக வழி இருந்தால்தான் விகிதத்தை ஏற்ற முடியும்.

ஆனால் “மூணாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை” என்று மெக்கானிக் சொல்லும்போது அவர் சொல்வது இந்த விகிதத்தை அல்ல. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாக வெளியிலிருந்து 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றை ஏற்றி, அதில் உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று கருவியின் இரண்டாவது மீட்டரில் பார்க்கிறார். இங்கே பிஸ்டன் எதையும் அமுக்கவே இல்லை! எக்ஸாஸ்ட் குழாயில் ‘ஸ்ஸ்’ என்று கேட்டால் கசிவது அந்த வால்வு, கார்புரேட்டர் பக்கம் கேட்டால் உள்வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். (ப்ரொப்பெல்லரை ஒருவர் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும், விட்டால் சுழன்று அடித்துவிடும்.) ஆகவே ‘அமுக்கச் சோதனை’ வேண்டாம், ‘கசிவுச் சோதனை’ என்றே எழுதலாம். 80க்கு 60 கூட நிற்கவில்லை என்றால் பொதுவாக யோசிக்க வேண்டிய நிலை, கான்டினென்டல் நிறுவன எஞ்சின்களுக்கு மட்டும் கணக்கு வேறு.

வரப்புத்தகடு சரியில்லாமல் சிலிண்டர் தலை தொடர்ந்து காய்ந்தால் கடைசியில் அது இந்தக் கசிவில் வந்து நிற்கும். தலைச் சூட்டுக்கு லைகாமிங் தரும் உச்ச வரம்பு 500 டிகிரி ஃபாரன்ஹீட், நீண்ட ஆயுள் வேண்டுமானால் 435க்குள் வைக்கச் சொல்கிறார்கள்.

மீதி இருப்பது ஒன்று. வரப்புத்தகட்டின் விளிம்புக்கும் எஞ்சினின் மேல்மூடிக்கும் நடுவே சிலிக்கான் ரப்பர் பட்டை வைக்கிறார்கள். அது அழுத்தம் அதிகமுள்ள பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் காற்றே அதை மூடியோடு அழுத்தி ஒட்டவைக்கும். மறுபக்கம் மடிந்துவிட்டால் அவ்வளவுதான், காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். நான் ‘வரப்பு வார்’ என்று எழுதிப் பார்த்தேன், வாய்க்கு ஒட்டவில்லை. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.