புதுப்பிப்பு: அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவுக்கு ஆர்வியில் போனோம்

28 அடி ஆர்வியை (படுக்கை, சமையலறையோடு கூடிய பயண வண்டி) மலைச்சாலையில் ஓட்டி பூங்காவின் கிழக்குப் பக்கம் போக முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன். முடியாது. 'கோயிங் டு தி சன்' என்ற அந்த மலைச்சாலையில் அவலாஞ்ச் ஓடைக்கும் ரைசிங் சன் என்ற இடத்துக்கும் நடுவே 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதியே இல்லை. அகலமும் பக்கவாட்டுக் கண்ணாடிகளோடு சேர்த்து 8 அடிக்குள் இருக்க வேண்டும்.

அதனால் நெடுஞ்சாலை 2-இல் மரியாஸ் கணவாய் வழியாகச் சுற்றிப் போனோம். சுற்று என்று யாரும் தயங்க வேண்டாம், அருமையான பாதை! பிளாட்ஹெட் ஆற்றின் நடுக்கிளை நெடுந்தூரம் கூடவே வருகிறது. எசெக்ஸ் என்ற ஊர் அருகே பாறையில் இருக்கும் உப்பை நக்க மலையாடுகள் செங்குத்துச் சரிவில் இறங்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள்.

ஆற்றில் கூழாங்கற்கள் சிவப்பும் பச்சையுமாகக் கிடக்கின்றன. இரும்புதான் காரணம்: காற்றுபட்டுப் படிந்த சேறு சிவப்பு, ஆழ்நீரில் படிந்தது பச்சை. பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதே பெரும்பாடு. எடுத்துவர மட்டும் கூடாது.

அப்புறம், பூங்காவுக்குள் வண்டி நிறுத்தித் தங்கும் ஆப்கர் முகாமில் மின் இணைப்பும் கிடையாது, குழாய் இணைப்பும் கிடையாது. தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டே போங்கள். கரடி நடமாடும் இடம் என்பதால் சாப்பாடு, அடுப்பு, காலி குளிர்பெட்டி உட்பட எல்லாவற்றையும் வண்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும்.