பப்பி படம் எதுல ஆரம்பிக்கலாம்? அம்மாவுக்காகக் கேக்கேன்

ஆழ்வார்க்குறிச்சிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மா புறவாசல்ல வழுக்கி விழுந்து, இடுப்புல ஆபரேஷன் ஆகி வீட்டுல படுத்திருக்கா. எழுந்து நடமாட இன்னும் நாளாகும். சீரியல் போட்டா, "எல்லாவளும் ஒரே முழி முழிக்காளுவ, அமத்து"ங்கா. பின்ன என்னதான் வேணும்னு கேட்டா ஒரே பதில்: "பப்பி படம் போடு."

பத்மினியைத்தான் சொல்லுதா. கூடப் படிச்சவளைக் கூப்பிடுற மாதிரி எப்பவும் பப்பிதான்.

சரின்னு போனை டிவியில கோத்துக் குடுத்தேன். முதல் நாளே வில்லங்கம். தென்காசியில இருந்து பாக்க வந்த மாமா, அம்மாவோட தம்பி, பழச்சீப்பைக் கீழ வைக்கும்போதே "பத்மினிக்கு ஆடத்தான் தெரியும், நடிப்புன்னா சாவித்திரி"ன்னுட்டாரு. அம்மா படுத்த வாக்குலயே அவரை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா. மனுசன் கோவிச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டாரு. போன் பண்ணாலும் எடுக்க மாட்டேங்காரு.

மாமா சொல்லுறதுல நியாயம் இருக்கா? அம்மாகிட்ட விளக்கம் கேட்டா பாட்டுதான் வருது, பதில் வரல. இன்னொண்ணு, கல்யாணம் ஆகி 1961-லயே நடிப்பை விட்டுட்டாங்கன்னு ஒரு இடத்துல படிச்சேன். தில்லானா மோகனாம்பாள் வந்தது 1968 இல்லையா? அது எப்படி? எந்தப் படத்துல ஆரம்பிச்சு எந்த வரிசையில போடணும்னும் சொல்லுங்க. ரொம்ப அழ வைக்கிறது இப்ப வேண்டாம்.

கரிசல்காட்டான்:

இதுல யோசிக்க என்ன இருக்கு? வீரபாண்டிய கட்டபொம்மன், 1959. நம்ம சீமைக் கதை. பத்மினிதான் வெள்ளையம்மா. கெட்ட சொப்பனம் கண்டுட்டு, சண்டைக்குப் போகாதேன்னு வெள்ளையத்தேவனை மறிக்கிற கட்டம் இருக்கே, எங்க பக்கம் கட்டபொம்மன் கதை பாடுறவங்க அந்தச் சொப்பனத்துக்கு வந்தாத்தான் பொம்பளையாளுக முந்தியை எடுப்பாங்க. படத்துலயும் அப்படித்தான்.

சண்டையை எடுத்தது என்னவோ ஜெய்ப்பூர்ப் பக்கம். கரிசல் மண்ணையே காணோம், அது வேற சங்கடம். கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்குல போட்ட இடத்துல நிக்கிற சிலை சிவாஜி வச்சது. பஸ்ல அதைத் தாண்டும்போது எங்க தாத்தா "அந்தா சிவாஜி நிக்காரு"ம்பாரு.

செங்கோட்டை ஆபரேட்டர்:

தாயி, உங்கம்மா சீக்கிரம் எந்திரிச்சி நடக்கட்டும். நான் சொல்லச் சொல்ல பேரன் தட்டுதான். எழுத்துப் பிழை இருந்தா அவனை வையுங்க.

மொத ஒண்ணு சொல்லிருதேன். பத்மினி எங்க ஊர்க்காரி. சிரிக்காதிய. அவிய 1932-ல பொறந்தது திருவனந்தபுரம் பூஜப்புரையில. எங்க செங்கோட்டையும் 1956 நவம்பர் ஒண்ணாந்தேதி வரைக்கும் திருவாங்கூரோடதான் இருந்துச்சு. பொறவுதான் திருநெல்வேலி ஜில்லாவுல சேத்தாவ. லலிதா, பத்மினி, ராகினின்னு மூணு அக்கா தங்கச்சி, திருவாங்கூர் சகோதரிகள்னு நோட்டீசுல போட்டா எங்கய்யா "நம்ம பிள்ளையளு"ம்பாரு. டிக்கெட்டுக்கு மட்டும் காசு தர மாட்டாரு.

இப்ப உங்க மாமா விசயத்துக்கு வாரேன். சாவித்திரியக் கொறச்சி ஒரு வார்த்தை நான் பேச மாட்டேன். ஆனா பத்மினிக்கு ஆட மட்டுந்தான் தெரியும்னு சொல்லுதவிய எல்லாம் படத்தக் காதால பாத்தவிய. நான் பாத்தது அப்படி இல்ல.

டூரிங் டாக்கீஸ்ல ஆபரேட்டருக்குக் கையாளாச் சேந்தவன் நான். பொறவு பெர்மனென்ட் தியேட்டருக்குப் போயி, டிஜிட்டல் வந்து மிசின ஓரங்கட்டுற வரைக்கும் கேபினுக்குள்ளயே கெடந்தேன். டெண்டு கொட்டகை கேபின் எப்படி இருக்கும்னு இப்ப உள்ள பிள்ளையளுக்குத் தெரியாது. ஒத்த மிசின். ஒரு ரீல் முடிஞ்சா லைட்டப் போட்டு அடுத்த ரீலக் கோக்கணும், அதுக்குள்ள முறுக்குக்காரன் ஒரு சுத்து சுத்திருவான். வெளிச்சத்துக்கு ரெண்டு கார்பன் குச்சி. அது எரிய எரியத் தள்ளிக் குடுத்துக்கிட்டே இருக்கணும். இடைவெளி கூடிட்டுன்னா திரை மங்கிப் பழுப்பாயிரும். உடனே மண்ணுல உக்காந்திருக்கவன் "ஏலேய் ஆபரேட்டரு"ன்னு ஆரம்பிச்சிருவான். அதனால திரைய விட்டுக் கண்ண எடுக்க முடியாது. ஆனா மிசின் ஓடுத சத்தத்துல வசனம் பாதிக்கு மேல காதுல விழாது. ஸ்பீக்கர் அந்தக் கோடியில, நாங்க இந்தக் கோடியில. ஆனி ஆடி ஆனா புளியரைக் கணவாய்க் காத்தும் சாரலும் சேந்துக்கிடும், கேக்கவே வேண்டாம்.

ஆக, ஒரே படத்த நாள்கணக்கா, ரெண்டு ஆட்டமும், சத்தமில்லாமப் பாத்தவன் நான். அப்படிப் பாத்தா பெரிய பெரிய நடிகருங்க எல்லாம் சும்மா வாயத் தொறந்து மூடுத மாதிரிதான் தெரியும். மூஞ்சிய மட்டும் பாத்துக் கதை புரிஞ்சது ரொம்பக் கொஞ்சம் பேருகிட்ட. அதுல பத்மினி ஒருத்தி. அதுவும் எதிராளி பேசும்போது அவிய என்ன செய்தாவன்னு பாக்கணும்.

வியட்நாம் வீடு (1970) பாருங்க. சிவாஜி பிரெஸ்டீஜ் பத்மநாபய்யரு. வீடு நெறைய அவரு வசனந்தான். அந்தம்மா மடிசாரக் கட்டிக்கிட்டுப் பக்கத்துல நிக்காவ. வேலையில இருந்து ரிட்டயராகி வந்தவர மகன், மருமகள்னு ஒவ்வொருத்தரா ஒதுக்குதாவ. அவரு கத்துதாரு. இவிய கத்தல. அவரு கத்துறத முந்தியே எதிர்பாத்து, இமையத் தாழ்த்தி, பிள்ளைய பக்கம் ஒரு பார்வை, புருசன் பக்கம் ஒரு பார்வை. அம்புட்டுதான். ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்குத வீட்டுக்காரி அவஸ்தை மொத்தமும் அதுல இருக்கு. வசனம் கேட்டவனுக்கு சிவாஜி படம். எனக்கு அது பத்மினி படம். அந்தப் படத்துல அவிய பேரு என்ன தெரியுமா? சாவித்திரி. உங்க மாமாகிட்ட சொல்லுங்க.

சித்தி, 1966. தம்பி படிப்புக்காக, மனசுக்குப் பிடிச்சவன விட்டுட்டு, பிள்ளைகுட்டியோட இருக்கிற எம்.ஆர். ராதாவக் கட்டிக்கிடுதாவ. தொட்டில் பாட்டு வரும். இப்பவே தூங்கிக்கோ மகளே, பொம்பளையாப் பொறந்தவளுக்குப் பொறவு தூக்கம் கெடையாதுன்னு அர்த்தம். எங்க கொட்டகையில பொம்பளைய பக்கம் தடுப்புக்கு அந்தண்ட மூக்கு உறிஞ்சுத சத்தம், மிசின் சத்தத்தையும் தாண்டிக் கேபினுக்கு வரும். ஆனா திரையில அந்தம்மா அழ மாட்டாவ. அழுகைய அடக்கிக்கிட்டு ஆட்டுவாவ. உங்கம்மாவுக்கு இது இப்ப வேண்டாம், நடக்க ஆரம்பிச்ச பொறவு போடுங்க.

1961 கணக்கு இதுதான். ஆரம்பத்துல அக்கா லலிதாவும் இவியளும் ஜோடியா ஒரு டான்சுக்கு வந்துட்டுப் போவாவ, கதைக்கும் அவியளுக்கும் சம்பந்தமே இருக்காது. நாகர்கோவில் என்.எஸ். கிருஷ்ணன்தான் 1951-ல மணமகள் எடுத்து பத்மினியக் கதாநாயகி ஆக்குனாரு. மறு வருசம் பணம், அதுவும் அவரு டைரக்சன்தான். அதுலதான் சிவாஜியோட மொத ஜோடி. பொறவு ரெண்டு பேரும் சேந்து ஐம்பதுக்கு மேல படம். 1961-ல டாக்டர் ராமச்சந்திரனக் கட்டிக்கிட்டு ஒதுங்குனது நெசம். ஆனா 1966 வாக்குல திரும்பி வந்துட்டாவ. சித்தி, மோகனாம்பாள், வியட்நாம் வீடு மூணுமே அந்த ரெண்டாவது சுத்து. எனக்குக் கேட்டா மொத சுத்த விட இதுதான் ஒசத்தி. எங்க ஆபரேட்டர் அண்ணாச்சி உத்தம புத்திரன் கட்சி, சாகுற வரைக்கும் ஒத்துக்கிடல.

கரிசல்காட்டான் தம்பி, கட்டபொம்மன் நல்ல படந்தான். கலரு லண்டன்ல டெக்னிகலர் பிரிண்ட் போட்டது, அந்தச் செவப்பு பின்னால எந்தப் படத்துலயும் நான் பாக்கல. ஆனா வெள்ளையம்மா கடைசியில என்ன ஆவான்னு தெரியுமுல்லா? அழ வைக்காத படம்னு கேட்ட பிள்ளைக்கு அதையா சொல்லுதிய?

பாளை சலங்கை:

பாளையங்கோட்டையில பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக் குடுக்கிறேன். "ஆடத்தான் தெரியும்"னு சொல்றது ஒரு வகையில பாராட்டுதான், சொல்றவங்களுக்கு அது தெரியல. பரதத்துல பாதி அபிநயம். தலைவனுக்காகக் காத்திருக்கிறவ, கோவிச்சுக்கிட்டவ, பொய் சொன்னவன்கிட்ட தெரிஞ்சும் தெரியாத மாதிரி நிக்கிறவன்னு ஒரே இடத்துல உக்காந்து முகத்தாலயே காட்டணும். குரு கோபிநாத், திருவிடைமருதூர் மகாலிங்கம் பிள்ளைன்னு பெரிய ஆசான்கள்கிட்ட சின்ன வயசுலேர்ந்து படிச்சவங்க பத்மினி. திரையில முதல்ல வந்ததே உதயசங்கரோட நாட்டியப் படம் கல்பனா (1948). ஆபரேட்டர் அண்ணாச்சி கேபின்ல இருந்து பாத்தது அந்தப் படிப்பைத்தான்.

என் மாணவிகளுக்கு ரெண்டு காட்சி போட்டுக் காட்டுவேன். ஒண்ணு வஞ்சிக்கோட்டை வாலிபன் (1958), வைஜெயந்திமாலாவோட போட்டி நடனம். பி.எஸ். வீரப்பா "சபாஷ், சரியான போட்டி"ம்பாரே, அதேதான். யார் ஜெயிச்சாங்கன்னு படம் சொல்லாது, எங்க வகுப்புலயும் இன்னும் முடிவாகல. நான் சுத்துறதைப் பாக்கச் சொல்ல மாட்டேன். மத்தவங்க ஆடும்போது நிக்கிறவங்க எப்படி நிக்கிறாங்கன்னு பாக்கச் சொல்வேன்.

இன்னொண்ணு மோகனாம்பாள்ல "நலந்தானா". காயம் ஆறி வந்து நாகஸ்வரம் வாசிக்கிறவன்கிட்ட சபை நடுவுல உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கணும். வாயால கேக்க முடியாது, ஆடிக் கேக்கணும். கை முத்திரை சபைக்கு, கண்ணு அவனுக்கு மட்டும். ரெண்டையும் பிரிச்சுக் காட்டுறது எவ்வளவு கஷ்டம்னு ஆடிப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும். அப்ப அவங்களுக்கு வயசு முப்பத்தாறு, ஒரு பிள்ளைக்குத் தாய்.

பின்னால 1977-ல நியூ ஜெர்சியில நாட்டியப் பள்ளி ஆரம்பிச்சு அங்க உள்ள நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. நடிகை ஷோபனா அவங்களுக்கு அண்ணன் தம்பி வழி மருமகள்தான். மாமா ஷோபனாவையாவது ஒத்துக்கிடுவாரா?

ஆழ்வார்க்குறிச்சிக்காரி:

ரொம்ப நன்றி. ஆபரேட்டர் அண்ணாச்சி சொன்னதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "அவாள் யாரு, எந்தத் தெரு"ன்னு கேக்கா. நேத்து டிவி சத்தத்தைக் குறைச்சு வச்சு மோகனாம்பாள் பாத்தோம். மறைஞ்சிருந்து பாக்கிறவனைத் தூணுக்குப் பின்னால தேடுற பாட்டுக்கு மட்டும் அம்மா சத்தத்தைக் கூட்டச் சொல்லிட்டா. பூவே பூச்சூடவா போடலாமா? பாட்டியா வராங்கன்னு கேள்விப்பட்டேன். அப்படியே மாமாவைச் சமாதானம் பண்ண ஒரு வழியும் சொல்லுங்க.

செங்கோட்டை ஆபரேட்டர்:

பூவே பூச்சூடவா (1985) தாராளமாப் போடலாம். நதியாவுக்குத் தமிழ்ல அது மொத படம், எல்லாரும் அந்தப் பிள்ளையத்தான் பாத்தாவ. நீங்க பாட்டியப் பாருங்க. வாசல்ல மணிய அடிச்சிட்டு ஓடுத பயலுவள வெரட்டுத ஆங்காரம் ஒரு பக்கம், பேத்தி வந்து நிக்கும்போது ஏத்துக்கிடவா வேண்டாமான்னு முழிக்குத முழி ஒரு பக்கம். முடிவுல கண்ணு கலங்கும், அதுக்கு முன்னால நல்லாச் சிரிப்பா. கடைசி ரீல மறுநாளைக்கு வச்சிக்கிடுங்க.

வரிசை: மோகனாம்பாள் ஆயிட்டு. அடுத்து வஞ்சிக்கோட்டை வாலிபன், உத்தம புத்திரன், பொறவு பூவே பூச்சூடவா. கட்டபொம்மனும் வியட்நாம் வீடும் உங்கம்மா கம்பு ஊணி நடக்க ஆரம்பிச்சப்பொறவு. சித்தி எல்லாத்துக்கும் கடைசி.

மாமாவுக்கு ஒரே வழி சரஸ்வதி சபதம் (1966). சாவித்திரி சரஸ்வதி, பத்மினி பார்வதி, தேவிகா லட்சுமி. மூணு பேருல யாரு ஒசத்தின்னு நாரதரு மூட்டி விட்டு, படம் பூரா அந்தச் சண்டைதான். ஞாயித்துக்கிழமையாப் பாத்துக் கூப்பிடுங்க. அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு கட்சியா உக்காந்து பாக்கட்டும். நடுவுல தேவிகா கட்சிக்கு நீங்க உக்காந்துக்கிடுங்க, இல்லன்னா பஞ்சாயத்து முடியாது.