ஒன்பது கேள்வி, நாலு பக்கம்

#1 மழைக்காகிதம்

போன சனிக்கிழமை கிளென்டேலில் ஒரு புத்தகக் கடையில் நாவலாசிரியர் சந்திப்புக்குப் போயிருந்தேன். லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய ஊர். ஊரில் மூன்றில் ஒருவராவது ஆர்மீனியர். ஆர்மீனியப் படுகொலை நினைவுநாளான ஏப்ரல் 24 அன்று பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. ஆசிரியரை இங்கே வரப்போகும் சண்டைக்குள் இழுக்க விருப்பமில்லை, அதனால் அவர் பெயரும் புத்தகத் தலைப்பும் வேண்டாம்.

கதை ஃப்ரெஸ்னோவில் நடக்கிறது. திராட்சைத் தோட்டக் குடும்பம். மூத்த பையன் கார் விபத்தில் போய்விடுகிறான். அப்பா அதற்கப்புறம் அவன் பெயரை வாயால் சொல்வதில்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவனுக்கும் ஒரு தட்டு வைக்கச் சொல்கிறார். அந்தத் தட்டை யார் கழுவுவது என்பதிலேயே அம்மாவுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றுபோகிறது. முந்நூறு பக்கமும் இதுதான். ஒட்டோமான் துருக்கியில் ஆர்மீனியர்களைக் கொன்று குவித்த 1915 வருவது நாலே பக்கம்: அப்பாவைப் பெற்ற கிழவி, சிரியாவின் டெர் ஸோர் பாலைவனத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்ட கூட்டத்தில் சின்னப் பெண்ணாக நடந்தவள்.

கேள்வி நேரத்தில் ஒன்பது கேள்வி. எட்டு அந்த நாலு பக்கத்தின் மேல். துருக்கி எப்போது ஒப்புக்கொள்ளும்? 2021-ல் பைடன் ‘இனப்படுகொலை’ என்று சொன்னது போதுமா? 2023-ல் அஜர்பைஜான் பிடித்த கராபாக்கை விட்டு லட்சம் ஆர்மீனியர் வெளியேறினார்களே, அடுத்து அதை எழுதுவீர்களா? செத்த பையனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒன்பதாவதாக நான் தட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் பதில் சொல்ல ஆரம்பிக்கும்போது கடைப் பெண் பின்வரிசை நாற்காலிகளை மடக்கத் தொடங்கிவிட்டார்.

ஆர்மீனியர் வீட்டுப் பையன் வெறும் விபத்தில் சாகக் கூடாதா?

#2 கல்தச்சன்

நாலு பக்கம் என்று எண்ணி வைத்திருக்கிறீர்கள். குழம்பில் உப்பையும் இப்படித்தான் எண்ணுவீர்களா?

1915 ஏப்ரல் 24 ராத்திரி கான்ஸ்டான்டிநோபிளில் இருநூறுக்கு மேற்பட்ட ஆர்மீனிய எழுத்தாளர்களையும் பாதிரிகளையும் பத்திரிகைக்காரர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் கோமிதாஸ். கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்பாடல் சேகரித்த துறவி. உயிரோடு திரும்பினார், மனம் திரும்பவில்லை. 1935-ல் பாரிஸ் பக்கம் ஒரு மனநல மருத்துவமனையில் இறந்தார். பேச்சை நிறுத்திக்கொண்ட அந்த அப்பாவைப் படிக்கும் ஆர்மீனியருக்கு யார் ஞாபகம் வருவார் என்று நினைக்கிறீர்கள்?

சாவே நடக்கவில்லை என்று ஓர் அரசு நூறு வருஷமாகச் சாதித்துக்கொண்டிருந்தால், அந்த வீட்டில் கருமாதி முடிந்ததாகவே கணக்கில்லை. நீங்கள் துக்கம் கேட்கப் போன வீட்டில் பந்தி சரியில்லை என்று எழுதுகிறீர்கள்.

#3 சும்மா ஒருவன்

எனக்கு இரண்டு பேர் மேலும் சந்தேகம். பாட்டி அழுதாள், பேரன் ராயல்டி வாங்குகிறான். எண்ணிக்கையே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆறு லட்சம் என்கிறார் ஒருத்தர், பதினைந்து என்கிறார் இன்னொருத்தர். இதில் கண்ணீர்க் கதை வேறு.

#4 கல்தச்சன்

@சும்மா ஒருவன், கணக்கு வைக்க வேண்டிய அரசே ஆளைக் கொன்றால் பேரேடு எங்கிருந்து வரும்? குறைத்துச் சொல்கிறவர்களின் எண்ணிக்கையும் லட்சத்தில்தான் இருக்கிறது, கவனித்தீர்களா? ‘இனப்படுகொலை’ (genocide) என்ற சொல்லை 1944-ல் உண்டாக்கிய சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கினை இளவயதிலேயே உறுத்தியது ஆர்மீனியர் கொலைதான்.

ராயல்டி விஷயம். 2006-ல் இஸ்தான்புல்லில் துருக்கி நாவலாசிரியர் எலிஃப் ஷஃபாக் மேல் வழக்குப் போட்டார்கள். அவர் எழுதிய கட்டுரைக்காக அல்ல, நாவலில் ஒரு பாத்திரம் இந்தப் படுகொலையைப் பற்றிப் பேசிய வசனத்துக்காக. விடுதலை ஆகிவிட்டார். அங்கே வெளிவரும் ஆர்மீனியப் பத்திரிகை ‘ஆகோஸ்’-இன் ஆசிரியர் ஹிராண்ட் டிங்க் ஆகவில்லை. 2007 ஜனவரி 19 அன்று சொந்த அலுவலக வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். இதுதான் அந்தத் தொழிலின் லாபம்.

#5 மழைக்காகிதம்

கல்தச்சன், நடந்ததை நான் மறுக்கவில்லை, தயவுசெய்து என்னை அந்தப் பக்கம் தள்ளாதீர்கள். வழக்குப் போட்டவர்களும் நாவலை வாக்குமூலமாகத்தான் படித்தார்கள். அன்று அந்தக் கடையில் இருந்தவர்களும் அப்படியே படித்தார்கள். நோக்கம் நேர்மாறு, படித்த விதம் ஒன்று.

ஆர்மீனிய-அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் சரோயனை எடுத்துக்கொள்ளுங்கள். 1908-ல் அதே ஃப்ரெஸ்னோவில் பிறந்தவர். மூன்று வயதில் அப்பா போனார், பிள்ளைகள் ஓக்லண்டில் அநாதை விடுதிக்குப் போனார்கள். 1943-ல் அவர் எழுதிய நாவலில் ஒரு பையன் போரில் இறந்தவர்கள் வீட்டுக்குத் தந்தி கொண்டுபோகிறான். அந்தக் குடும்பத்துக்கு ஆர்மீனியப் பெயர்கூடக் கிடையாது. துக்கம் குறைந்துவிட்டதா?

#6 பாரிமுனைப் பழைய புத்தகம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சென்னையில் அரண்மனைக்காரத் தெரு என்கிறோமே, அங்கே அரண்மனையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஆர்மீனியக்காரர் தெரு நம் வாயில் அப்படி ஆனது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை ‘அஸ்தரார்’ 1794-ல் அச்சானது சென்னையில்தான். நடத்தியவர் ஹருத்யூன் ஷ்மாவோன்யான் என்ற பாதிரியார். ஈரானின் ஷீராஸ்காரர். ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்து, மனசு விட்டுப்போய், வருஷக்கணக்கில் ஒதுங்கி இருந்துவிட்டுத்தான் மதராசுக்கு வந்தார். அந்தத் துக்கத்துக்கும் 1915-க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மழைக்காகிதம் பக்கம் ஒரு ஓட்டு.

#7 பனங்கூடல்

நான் டொரொண்டோவில இருக்கிறன். ஆர்மீனியருக்கு நடந்ததை இனவழிப்பு எண்டு கனடாப் பாராளுமன்றம் 2004-ல ஏற்றது. எங்களுக்கு 2022 மே 18. அதனால நான் கல்தச்சன் பக்கம் நிப்பன் எண்டு எல்லாரும் நினைப்பியள்.

இல்லை. நான் இஞ்ச ஒரு சிறுகதை வாசிச்சன், என்ர மாமியைப் பற்றி. மாமி சலரோகத்தில செத்தவ, கால் எடுத்து, பிறகு கண்ணும் போய். வாசிச்சு முடிய வந்த முதல் கேள்வி: “அவ முள்ளிவாய்க்காலில இருந்தவவோ?” இருக்கேல்லை. 1991-ல இஞ்ச வந்தவ. கேட்டவருக்கு முகம் தொங்கிப் போச்சுது, நான் ஏதோ ஏமாத்தின மாதிரி.

எங்கட சனம் சலரோகத்திலயும் சாகும் தம்பி. அதுக்கும் அழவேணும்.

#8 கல்தச்சன்

அக்கா, உங்களிடம் வாதாட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒன்று. உங்களிடம் கேட்டவர் வெளியாள் போலத் தெரிகிறது. கிளென்டேலில் கேட்டவர்கள் அந்த வீட்டு ஆட்கள். எட்டுக் கேள்வி என்று எண்ணிக்கை வந்தது, கேட்டவர்கள் யார் என்று ஒரு வரி வரவில்லையே?

#9 பனங்கூடல்

கேட்டவர் வெளியாள் இல்லை. எங்கட ஊர்தான்.

#10 மழைக்காகிதம்

கல்தச்சன் கேட்டதால் சொல்கிறேன். எட்டில் ஒன்று கேள்வியே இல்லை.

எண்பது தாண்டிய ஒரு அம்மா. மைக்கை வாங்கி, தன் பாட்டியின் மோவாயில் நீலமாகப் பச்சை குத்தியிருந்ததைச் சொன்னார். பாலைவனத்தில் பெதுயின் என்ற அரபு நாடோடிக் குடும்பங்களில் சிக்கிய ஆர்மீனியப் பெண்கள் பலருக்கு அப்படிக் குத்தினார்கள். பாட்டி சாகும்வரை புகைப்படத்துக்குக் கையால் மோவாயை மூடிக்கொண்டுதான் நின்றாராம். சொல்லும்போது அந்த அம்மாவின் கையும் தன்னையறியாமல் மோவாய்க்குப் போனது. அதற்குமேல் பேச முடியவில்லை. எழுத்தாளர் “ட்சாவ்த் தானெம்” என்றார். ‘உன் வலியை நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று அர்த்தம். அவர்கள் வீட்டில் குழந்தையிடம் சாதாரணமாகச் சொல்வது. நம் ஆச்சிகள் கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பார்களே, அதற்கு வாய் இருந்தால் இதைத்தான் சொல்லும்.

பிறகு கையெழுத்து வரிசையில் அந்த அம்மா எனக்கு முன்னால். யார் பெயருக்கு என்று கேட்டபோது தன் பெயரைச் சொல்லவில்லை. ‘கர்பெர்ட்’ என்று எழுதச் சொன்னார். பாட்டியின் ஊர்.

#11 சும்மா ஒருவன்

இதை முதல் பதிவிலேயே போட்டிருக்கலாமே ஐயா.

#12 மழைக்காகிதம்

போட்டால் என் கட்சி செத்துப்போகும் என்று தெரியும்.

#13 கல்தச்சன்

நேர்மைக்கு நன்றி. தட்டுக்கு அவர் என்ன பதில் சொன்னார்? நாற்காலி மடக்கியதோடு நிறுத்திவிட்டீர்கள்.

#14 மழைக்காகிதம்

சத்தத்தில் பாதிதான் கேட்டது. அவர் சின்ன வயதில் இருந்தபோது அவர் பாட்டியும் மேசையில் ஒரு தட்டு அதிகம் வைப்பாராம். அந்த வீட்டில் அப்போது யாரும் செத்திருக்கவில்லை. யாருக்கு என்று அவர் கேட்டதில்லை, பாட்டியும் சொன்னதில்லை. நாவல் எழுத உட்கார்ந்தபோது அந்தத் தட்டுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது, அந்தப் பையனைக் கொடுத்தேன் என்றார்.

#15 கல்தச்சன்

அப்போது ஒன்பதாவது கேள்வியும் அந்த நாலு பக்கத்தைப் பற்றித்தான்.

#16 மழைக்காகிதம்

இல்லை. தட்டைப் பற்றி.