பாலிஷ் போட்ட பழைய ஸ்பீட்மாஸ்டரை நம்பி வாங்கலாமா?

முதற்சாவி:

வணக்கம். சில ஆண்டுகள் சேமித்து, என் முதல் உயர்ரகக் கைக்கடிகாரமாக ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனலை வாங்கத் தீர்மானித்திருக்கிறேன். 1969-இல் நிலவுக்குப் போன கடிகாரம் என்ற கவர்ச்சி எனக்கும் உண்டு. அதைவிட, தினமும் காலையில் கையால் சாவி கொடுத்தால்தான் ஓடும் என்பதே என்னை இழுத்தது. புதியது கைக்கு எட்டாததால், 2010-இல் விற்பனையான, 1861 என்ற எண்ணுள்ள எந்திரம் கொண்ட ஒன்றைத் தனிநபர் ஒருவரிடம் பார்த்துவிட்டு வந்தேன். பெட்டியும் உத்தரவாத அட்டையும் இருக்கின்றன. அட்டையில் உள்ள எண்ணும் பட்டையை மாட்டும் கொம்பான லக்கின் பின்புறம் பொறித்த எண்ணும் ஒத்துப்போகின்றன.

என் குழப்பம் வேறு. இத்தனை ஆண்டுகள் கையில் கிடந்த பொருளாகவே அது தெரியவில்லை. முகம் பார்க்கலாம் போல மின்னுகிறது. போன மாதம்தான் பாலிஷ் போட்டு முழு சர்வீஸும் செய்ததாக விற்பவர் சொல்கிறார், ஆனால் ரசீது இல்லை என்கிறார். ஒரு நாளைக்கு 12 விநாடி வேகமாக ஓடுவதையும் அவரே மறைக்காமல் சொன்னார். இந்தப் பளபளப்பை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாமா, 12 விநாடி கோளாறா, ரசீது இல்லாத சர்வீஸை எப்படிச் சோதிப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

விளிம்புப்பித்தன்:

நண்பரே, நீங்கள் எழுதியதில் என்னைத் துணுக்குற வைத்தது அந்த 12 விநாடி அல்ல, ‘முகம் பார்க்கலாம் போல’ என்ற சொற்கள்தான். பாலிஷ் போடுவது பாத்திரம் துலக்குவது போன்ற வேலை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கீறல் என்பது உலோகத்தில் விழுந்த பள்ளம். பள்ளத்தை நிரப்ப முடியாது, சுற்றியுள்ள எஃகை அந்த ஆழத்துக்குத் தேய்த்து இறக்கத்தான் முடியும். ஒவ்வொரு பாலிஷிலும் கடிகாரம் கொஞ்சம் கரைகிறது, கரைந்தது திரும்பி வராது.

ஸ்பீட்மாஸ்டரில் இது எளிதில் காட்டிக்கொடுத்துவிடும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது கேஸின், அதாவது எந்திரத்தைச் சுற்றியுள்ள எஃகு உடலின், பக்கவாட்டில் மெல்லிய மயிர்க்கோடுகள் ஓடும். அங்கே மினுக்கம் இருக்காது. லக்குகளின் மேல்முகம் மட்டுமே, லேசாக முறுக்கிக்கொண்டு இறங்கும் வளைவில் பளிச்சென்று இருக்கும். இந்த இரண்டு பரப்புகளும் சந்திக்கும் கோடு நூல் பிடித்தாற்போல் கூர்மையாக இருக்க வேண்டும். மேசைவிளக்கின் கீழ் கடிகாரத்தை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஒளி அந்தக் கோட்டில் வெட்டென்று நின்றால் நல்லது. பயன்படுத்திய சோப்புக்கட்டியின் ஓரத்தில் வழிவது போல் வழிந்துபோனால், யாரோ தாராளமாகத் தேய்த்திருக்கிறார். நான்கு லக்குகளும் ஒரே தடிமனில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், ஏனென்றால் கைவேலையில் ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்வது வழக்கம். பின்மூடியின் நடுவில் புடைத்திருக்கும் கடற்குதிரையின் செதுக்கல்கள் மழுங்கியிருக்கின்றனவா என்பதும் ஒரு சாட்சி.

கண்ணாடி மட்டும் விதிவிலக்கு. உங்களுடையது ஹெசலைட் வகை என்றால் அது ஒருவகை அக்ரிலிக் பிளாஸ்டிக். சட்டை ஓரம் பட்டால்கூடக் கோடு விழும், பாலிஷ் பசையைத் துணியில் தொட்டுச் சில நிமிடங்கள் தேய்த்தால் போய்விடும். அதன் நடுவில், உட்புறமாக, மணலளவில் ஒமேகா சின்னம் பொறித்திருப்பார்கள். உருப்பெருக்கியோடு போய் அதைத் தேடுங்கள். என்னைக் கேட்டால், கீறலோடு வரும் கடிகாரத்துக்கே என் ஓட்டு.

மேசைவிளக்கு:

பழுதுபார்க்கும் மேசையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். வெளியில் மினுக்குவதற்கும் உள்ளே எண்ணெய் இருப்பதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. முழு சர்வீஸ் என்றால் எந்திரத்தை ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, கழுவி, தேய்ந்த பாகத்தை மாற்றி, இடத்துக்கு ஏற்ற எண்ணெயை ஏற்ற அளவில் வைத்து, மறுபடி கோத்து, ஓட்டத்தைச் சீர்செய்து, பல நாள் கவனித்து, நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான கேஸ்கெட்டுகளை மாற்றி நீர்ச்சோதனையும் செய்வது. பின்மூடியைத் திறந்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதையும் சிலர் இதே பெயரில் அழைக்கிறார்கள்.

ரசீது இல்லையென்றால் டைம்கிராஃபரிடம் கேளுங்கள். ‘டிக் டிக்’ ஒலியைக் கேட்டே மூன்று எண்களைச் சொல்லும் சிறு கருவி அது. 1861 எந்திரம் மணிக்கு 21,600 முறை, அதாவது விநாடிக்கு 6 முறை அடிக்கும். லிஃப்ட் ஆங்கிள் (எந்திரத்துக்கு எந்திரம் மாறும் ஓர் அமைப்புக் கோணம்) 50 பாகை என்று கருவியில் அமைக்க மறக்க வேண்டாம், அது தவறினால் ஆம்பிளிட்யூட் கணக்கும் தவறாக வரும். நாளுக்கு எத்தனை விநாடி கூடுகிறது, குறைகிறது என்ற எண்ணையே எல்லோரும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஆம்பிளிட்யூட், அதாவது எந்திரத்தின் துடிப்பைத் தரும் பேலன்ஸ் வீல் எவ்வளவு அகலமாக ஊசலாடுகிறது என்பதைத்தான். முழுச் சாவி கொடுத்து டயல் மேலே பார்க்க வைத்தால், அண்மையில் சர்வீஸ் ஆன எந்திரம் 270 பாகைக்கு மேல் காட்ட வேண்டும். 230 பக்கம் தள்ளாடினால் எண்ணெய் உலர்ந்திருக்கலாம், பிறகு போன மாத சர்வீஸ் என்ற பேச்சை நான் நம்ப மாட்டேன். டயல் கீழே, சாவித்திருகு கீழே என்று வேறு நிலைகளிலும் அளக்கச் சொல்லுங்கள். குரோனோகிராஃபை, அதாவது நேரம் அளக்கும் ஸ்டாப்வாட்சை, ஓடவிட்டால் ஆம்பிளிட்யூட் கொஞ்சம் இறங்குவது இயல்பு, ஏனெனில் கூடுதலாகச் சில சக்கரங்களை அதே ஸ்பிரிங் இழுக்கிறது, படுத்துவிடக் கூடாது. பொத்தானை அழுத்தி முள்ளைத் திருப்பும்போது அது சரியாக 12-இல் நிற்க வேண்டும்.

12 விநாடிக்கு வருகிறேன். ஒரு நாளில் 86,400 விநாடிகள். கணக்குப் போட்டால் பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. குரோனோமீட்டர் என்ற துல்லியச் சான்று பெற்ற எந்திரத்துக்கு நாளுக்கு −4 முதல் +6 விநாடி வரை என்ற வரம்பு உண்டு, ஆனால் வழக்கமான 1861 அந்தச் சான்றுக்குப் போவதில்லை. எனினும் சர்வீஸ் முடிந்த கையோடு 12 என்றால், எனக்குக் காந்தத்தின் மீது சந்தேகம் வருகிறது. பேலன்ஸ் வீலை ஊசலாட வைக்கும் மெல்லிய கம்பியான ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தமேறி ஒன்றையொன்று இழுத்தால், ஸ்பிரிங் குட்டையானது போலாகி எந்திரம் வேகமெடுக்கும். ஒலிபெருக்கி, பையின் காந்தப்பூட்டு, டேப்லெட் உறை ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். காந்தநீக்கியில் சில நொடிகள் வைத்து எடுத்தால் தீர்ந்தது, பிரிக்க வேண்டிய தேவையே இல்லை.

ஈரமணிக்கட்டு:

ஒரு விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன். நான் பட்ட பாடு இது. என் கடிகாரத்தை ஒரு கடையில் பாலிஷுக்குக் கொடுத்து வாங்கினேன். கேஸைத் திறந்தவர்கள் பழைய ரப்பர் வளையத்தையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். பின்மூடியில் 50 மீட்டர் என்று பொறித்திருக்கிறதே என்ற தைரியத்தில் கைகழுவியபோது கழற்றவில்லை. மாலையில் கண்ணாடியின் உட்புறம், 4 மணி எண்ணுக்கு மேலே, விரல்நக அளவுக்குப் பனி படர்ந்திருந்தது. சரிசெய்வதற்குள் ஒரு முள்ளின் விளிம்பில் துரு ஏறிவிட்டது. அந்த 50 மீட்டர், வளையம் புதிதாக இருந்தபோது நடந்த சோதனையின் அளவு. எனவே நீர்ச்சோதனை நடக்காத வரை தண்ணீர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஈரத்தில் குரோனோகிராஃப் பொத்தான்களைத் தொடவே தொடாதீர்கள்.

முதற்சாவி:

மூவருக்கும் நன்றி. விற்பவர் சம்மதத்தோடு நேற்று ஒரு பழுதுபார்ப்பவரிடம் இருவரும் சேர்ந்தே போனோம். முழுச் சாவியில் டயல் மேலே 284 பாகை, குரோனோகிராஃப் ஓடும்போது 257. காந்தம் நீக்கியபின் 12 விநாடி 4 ஆகிவிட்டது. விற்பவரே வியந்து போனார். பின்மூடியின் உட்புறத்தில், போன மாதத் தேதி ஊசிமுனையால் கீறியதுபோல் இருந்ததைப் பழுதுபார்ப்பவர் காட்டினார். ஆக, சர்வீஸ் உண்மை.

லக்குகள்தான் கவலை. வலப்பக்கம் இரண்டிலும் கோடு கூர்மையாக இருக்கிறது. இடப்பக்கக் கீழ் லக்கில், விளிம்புப்பித்தன் அவர்கள் சொன்னபடியே, ஒளி வழிந்தோடுகிறது. பக்கவாட்டு மயிர்க்கோடுகளும் போய்விட்டன. இதைக் காட்டியதும் விற்பவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு விலையைக் குறைக்க ஒப்புக்கொண்டார். கண்ணாடியின் நடுவில் சின்னம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அரை மணி நேரம் ஆனது. வாங்கிவிட்டேன். மயிர்க்கோடுகளை மறுபடி வரவழைக்கக் கொடுக்கலாமா?

விளிம்புப்பித்தன்:

வாழ்த்துகள். இப்போது வேண்டாம். கோடு போடுவதும் தேய்ப்புதான். அடுத்த சர்வீஸ் வரும்வரை அப்படியே கட்டுங்கள். அதற்குள் உங்கள் கீறல்கள் அதில் விழுந்திருக்கும், அவற்றை அழிக்க உங்களுக்கே மனம் வராமல் போகலாம். நீர்ச்சோதனையை மட்டும் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.