கரும்பு ரயில் அட்டவணை: எதைக் குறைப்பது என்பதிலேயே குழப்பம்

கணக்குக்காரன்:
பிரிஸ்பேனில் முதுகலை படிக்கிறேன். குயின்ஸ்லாந்து சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு கொண்டுவரும் 610 மில்லிமீட்டர் அகலக் குட்டி ரயில் பாதைக்கு அட்டவணை போடுவதுதான் என் புராஜெக்ட். லோகோ (ரயில் எஞ்சின்) ஓடும் மொத்தக் கிலோமீட்டரைக் குறைப்பதை இலக்காக வைத்தேன். ஆலையில் காட்டினால் சிரிக்கிறார்கள். போதாததற்கு, ஒற்றைத் தடத்தில் எதிரெதிர் ரயில் மோதாதபடி நிபந்தனை சேர்த்ததும் கணினி ராத்திரி முழுக்க ஓடியும் விடை வரவில்லை. எங்கே தப்பு?

ஷெட்வாசி:
சிரிக்கத்தான் செய்வார்கள், டீசல் யாருக்கும் தலைவலி இல்லை. காலிப் பெட்டி நேரத்துக்குச் சைடிங்குக்கு (வயலோரம் பெட்டி நிறுத்தும் கிளைத் தடம்) போகாவிட்டால் வெட்டு இயந்திரம் வயலில் சும்மா நிற்கும், லோடு வராவிட்டால் ஆலை நிற்கும், இந்த இரண்டும் நடக்கக் கூடாது, அவ்வளவுதான் எங்கள் வேலை. ஜூனில் அரவை தொடங்கினால் நவம்பர், டிசம்பர் வரை ராப்பகலாக ஓடும் ஆலை அது, ஆனால் வெட்டு பெரும்பாலும் பகலில்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆலை மணிக்கு 500 டன் அரைக்கிறது, வெட்டு 12 மணி நேரம் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மணிக்கு 1000 டன் வெட்டியாக வேண்டும். சாயங்காலம் வெட்டு முடியும்போது 6000 டன் அரைபடாமல் நிற்கும். 6 டன் பெட்டி என்றால் ஆயிரம் பெட்டி! இங்கே கிடங்கே அந்தப் பெட்டிகள்தான். விடியற்காலையில் அவையே காலியாகி வயலுக்குத் திரும்ப வேண்டும். முதலில் வந்ததை முதலில் அரைத்தாலும் கடைசியாக வெட்டிய கரும்பு 12 மணி நேரம் காத்திருக்கும். எல்லா இயந்திரத்தையும் ஒரே நேரத்தில் இறக்காமல், சிலதை முன்னாலும் சிலதைப் பின்னாலும் தொடங்க வைத்தால் பெட்டித் தேவை சட்டென்று இறங்கும். உங்கள் மாடலில் வெட்டு நேரத்தை அசைக்க இடம் இருக்கிறதா?

புதிர்ப்பிரியன்:
கணினி விடை தராத இரண்டாவது கேள்விக்கு: இதை ஜாப் ஷாப் மாதிரி பாருங்கள், அதாவது பல வேலைகள் சில இயந்திரங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கும் பட்டறைக் கணக்கு. ரயில் ஒரு வேலை, இரண்டு லூப்புக்கு (ரயில் ஒதுங்கி வழிவிடும் பக்கத் தடம்) இடைப்பட்ட தடம் ஒரு இயந்திரம். ஒரே வித்தியாசம், அடுத்த தடம் காலியாகும்வரை ரயில் இப்போதைய தடத்தை விடாது. மிகச் சிறந்த விடைக்காக உட்கார்ந்திருக்காதீர்கள். மழை பெய்தாலோ ஒரு லோகோ படுத்துவிட்டாலோ அந்த விடை குப்பை. ஐந்து நிமிடத்தில் சுமாரான அட்டவணை, நிலைமை மாறினால் மறுபடி ஐந்து நிமிடம், அது போதும். ஓட்டுநர் ஷிப்ட் முடியும் நேரத்தையும் முதலிலேயே போட்டுவிடுங்கள், கடைசியில் ஒட்டவைத்தால் எல்லாம் கலையும்.

கரும்புக்காட்டான்:
நான் விழுப்புரம் பக்கம். ரயிலெல்லாம் இல்லை, டிராக்டரும் லாரியும்தான். கட்டிங் ஆர்டர் (வெட்டச் சொல்லும் ஆலை உத்தரவு) வந்து வெட்டிப் போட்டால் ஆலை வாசலில் வரிசை. ஆனால் நாங்கள் முழுக் கரும்பாக அனுப்புகிறோம், அங்கே துண்டு துண்டாக வெட்டுகிறார்களாமே, சீக்கிரம் புளிக்காதா?

ஷெட்வாசி:
புளிக்கும் அண்ணா. ஒரு சாண் துண்டு, இரண்டு முனையும் திறந்திருக்கும், கிருமி புகுந்து சர்க்கரையிலிருந்து டெக்ஸ்ட்ரான் என்ற பிசின் போன்ற பொருளை உண்டாக்கும். சாறு கொழகொழத்துப் படிகம் கட்டுவது மந்தமாகிவிடும். முழுக் கரும்பு இவ்வளவு வேகமாகக் கெடாது. அதனால்தான் இங்கே இத்தனை அவசரம்.

கணக்குக்காரன்:
வெட்டு நேரத்தை மாறாத எண்ணாகவே வைத்திருந்தேன் சார். அதை அவிழ்த்துவிட்டு, பெட்டி எண்ணிக்கையையும் காத்திருப்பையும் இலக்காக மாற்றுகிறேன். ஒரு சந்தேகம், எல்லாப் பெட்டியும் 6 டன் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஷெட்வாசி:
கூடாது. 4 டன், 10 டன் பெட்டியும் உண்டு. ஆலைக்கு ஆலை மாறும், கேட்டுக்கொண்டு போடுங்கள்.